கேபிளைப் புதைத்தால் புயலிலிருந்து தப்பிக்கலாமா?

பேராவூரணி_தோப்பு

2018 நவம்பர் 16, நள்ளிரவுக்கு மேல் கஜா புயல் கரையேறியது. வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே நுழைந்த காற்று எங்கள் ஊர் வரைக்கும் ஒரு போஸ்ட்டையும் விட்டுவைக்கவில்லை. டெல்டா மாவட்டங்களில் விழுந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். எங்கள் தெருவில் எல்லாம் கணுக்கால் உயரத்தில் முறிந்து, உள்ளே இருந்த கம்பிகள் வளைந்து நீட்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்குக் கரண்ட் வர 26 நாள் ஆனது.

2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதைப் பார்த்த பிறகுதான் இது நடந்தது. கஜாவுக்குப் பிறகும் அதே மாதிரிக் கம்பத்தை அதே இடத்தில் நட்டுவிட்டுப் போனார்கள். கடலோர மாவட்டங்கள் முழுக்கக் கேபிளை மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டும். வேறு வழியே இல்லை என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

வேளச்சேரி_மூன்றாம்மாடி

நான் மறுக்கிறேன். எங்கள் தெருவில் கேபிள் ஏற்கெனவே மண்ணுக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நான்கு நாள் இருட்டு. சாலையோரப் பில்லர் பாக்ஸ், அதாவது கேபிளிலிருந்து வீடுகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, மூழ்கிவிட்டது. தண்ணீரில் கரண்ட் பாய்ந்து யாரும் சாகக்கூடாது என்று நிறுத்தினார்கள், அது சரிதான். ஆனால் தண்ணீர் வடிகிற வரைக்கும் திரும்பக் கொடுக்க வழியில்லை. அடுக்குமாடியின் ஜெனரேட்டரும் மோட்டாரும் கீழ்த்தளத்தில் இருந்ததால் இரண்டும் போயின. இன்வெர்ட்டர் இரண்டாம் நாள் காலையில் நின்றது. மாமியாருக்கு நெபுலைசர் வைக்க முடியாமல், மூன்றாம் நாள் அவரைப் படகில் ஏற்றி அனுப்பினோம். அந்த மூச்சிரைப்புச் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பேராவூரணி_தோப்பு

உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அது பில்லர் பாக்ஸின் உயரக் குறை, கேபிளின் குறை இல்லையே. பாக்ஸை உயர்த்தி வையுங்கள், கேபிள் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற_ஃபோர்மேன்

தம்பி, கேபிளில் கோளாறு வந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறீர்களா? மேலே கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், இழுத்துக் கட்டிவிடலாம். மண்ணுக்குள் என்றால் எந்த இடம் என்று முதலில் கருவி வைத்துத் தேடணும், அப்புறம் தோண்டணும். குழியில் ஊற்று வந்துகொண்டிருந்தால் ஜாயிண்ட் போடவே முடியாது. செலவும் பல மடங்கு. தானேக்குப் பிறகு உலக வங்கிக் கடனில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணியில் புதைக்கும் வேலையை எடுத்தார்கள். நகரத்தில் வீடுகள் நெருக்கம், கட்டுப்படியாகும். வயல் நடுவில் இருக்கிற ஒரு மோட்டாருக்காக ஒரு கிலோமீட்டர் தோண்ட முடியுமா?

கஜாவுக்கு நானும் வந்தேன். வண்டி இறங்காத சேற்று வயலில் பன்னிரண்டு பேர் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு போனோம், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். கேரளத்திலிருந்து வந்தவர்களும் எங்களோடு நின்றார்கள். அன்றைக்கு எங்களைத் தடுமாற வைத்தது, எந்த லைனை முதலில் எடுப்பது என்று யாரும் முன்கூட்டியே முடிவு செய்யாததுதான். குடிநீர் பம்ப், ஆஸ்பத்திரி, செல்போன் கோபுரம் மூன்றுக்கும் போகிற ஃபீடரை, அதாவது துணை மின்நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதையை, தனியே பிரித்து, இரண்டு துணை மின்நிலையங்களிலிருந்து கொடுக்க முடிந்தால் அதைச் செய்யுங்கள். புதைப்பதென்றால் முதலில் அதைப் புதையுங்கள்.

கடற்கரைப்_பொறியாளர்

ஃபோர்மேன் ஐயா பக்கம்தான் நான். முக்கியமான இடங்களை முதலில் காக்க வேண்டும், அங்கே சாதனம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் வெளி மின்சாரத்தை அறுத்தது, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிவிட்டன. முக்கால் மணி நேரத்துக்கு மேல் கழித்து வந்த சுனாமி, அடித்தளத்தில் இருந்த ஜெனரேட்டர்களையும் ஸ்விட்ச் போர்டுகளையும் மூழ்கடித்தது. நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கத்தில் இருந்த ஒனகாவா அணுமின் நிலையம் தப்பியது. அதைக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 14 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தார்கள்.

பேராவூரணி_தோப்பு

ஐயா, நீங்கள் சொல்லும் வரிசையில் தோப்பு மோட்டார் எப்போதும் கடைசிதானே? விழுந்த தென்னை போக மிச்சம் நின்ற கன்றுகளுக்குக்கூட என்னால் தண்ணீர் விட முடியவில்லை. அந்த 26 நாளை வரிசை என்று சொல்லி ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. குடிநீர் முன்னால் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர்த் தொட்டிக்கு எட்டாம் நாள்தான் டிராக்டரில் ஜெனரேட்டர் வந்தது. வந்த பிறகும் மாலை வரைக்கும் தண்ணீர் ஏறவில்லை, ஒயரைக் கோக்க ஆள் கிடைக்கவில்லை.

ஓய்வுபெற்ற_ஃபோர்மேன்

உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தப் பகல் வீணானதற்குக் காரணம், பம்ப் அறையில் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாததுதான். அது இருந்திருந்தால் ஜெனரேட்டர் ஒயரை மாட்டி, கைப்பிடியைத் திருப்பினால் போதும். இப்போதாவது இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

பேராவூரணி_தோப்பு

போய்ப் பார்த்தேன். ஸ்விட்ச் இல்லை. போர்டு என் முழங்கால் உயரத்தில் இருக்கிறது, சுவரில் பழைய மழைத்தண்ணீர்க் கறை அதற்கு ஒரு சாண் கீழே வரைக்கும் வந்திருக்கிறது. படம் எடுத்துக்கொண்டேன், நாளைக் காலை ஊராட்சித் தலைவரிடம் காட்டப் போகிறேன். எங்கள் தெருவுக்குக் கேபிள் வேண்டும் என்பதையும் அவரிடம் கேட்பேன், அதை விடுவதாக இல்லை.