மறு: ரிதம் கிட்டாருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நாலு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி, ஞாயிறு ஆராதனை என்று போய்விட்டது. இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. மார்த்தாண்டம் தம்பி கேட்டிருப்பது எனக்கு ரொம்ப வேண்டிய கேள்வி. நாகர்கோவிலில் எங்கள் சர்ச்சில் இருபத்தெட்டு வருடமாக நான் ரிதம் அடிக்கிறேன். முன்னால் நின்று தனியாக வாசிப்பது லீடு கிட்டார்; பாட்டின் அடியில் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, விடாமல் அடித்துக்கொண்டே போவது ரிதம் கிட்டார். உலகின் தலைசிறந்த ரிதம் கிட்டார்க் கலைஞர்களைப் பற்றித் தம்பி தமிழில் கட்டுரை எழுதுகிறார் என்றால், அதற்குச் சரியான சொல் அமைய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

// ரிதம் என்றால் தாளம். தாளக் கிட்டார் என்றே வைத்துவிட்டால் என்ன? //

தம்பி, இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. தாள வாத்தியம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மிருதங்கம், தவில், ஜால்ரா. நம்ம பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் ‘ரிதம் யாரு?’ என்று கேட்டால் தபேலாக்காரரையோ எலெக்ட்ரானிக் பேட் வாசிக்கிறவரையோதான் கை காட்டுவார்கள். தாளக் கிட்டார் என்று எழுதினால், கிட்டார்ப் பெட்டியைத் தட்டி வாசிக்கிறவர் போலிருக்கிறது என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார்.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. தாளம் என்பது கணக்கு. யாரும் ஒன்றும் வாசிக்காவிட்டாலும் அது உள்ளே ஓடும், கையில் போட்டு எண்ணலாம். ரிதம் கிட்டார் அந்தக் கணக்கை அப்படியே திருப்பிச் சொல்வதில்லை. ஜமைக்காவின் ரெகே இசையைக் கேளுங்கள். பாப் மார்லி பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுக் காலால் தட்டிப் பாருங்கள். கால் தரையில் விழும்போது கிட்டார் பேசாது. கால் எழும்புகிற இடத்தில்தான் ‘சக்’ என்று விழும். மார்லி பாடிக்கொண்டே அதை வாசித்தவர். தட்டு விழாத இடமாகப் பார்த்து விழுகிற கிட்டாரைத் தாளக் கிட்டார் என்பது பொருந்தவில்லை.

// துணைக் கிட்டார் அல்லது வழிநிலைக் கிட்டார். பக்கவாத்தியம் என்கிறோமே, அதுபோல. //

தக்கலை சார், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும் நின்றதாக வருவதை நீங்கள் எடுத்துக் காட்டியது மிகவும் பிடித்திருந்தது. ஒரு கருவி இன்னொன்றின் வழி நிற்பது என்ற சொல்லாட்சியே அழகு. ஆனால் இந்த இடத்தில் யார் யார் வழி நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் சார்.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவில் கீத் ரிச்சர்ட்ஸ் வாசிப்பது ரிதம். பல பாட்டுகளுக்கு ஆறாவது தந்தியையே கழற்றிவிட்டு, மிச்சம் ஐந்தையும் ஜி, டி, ஜி, பி, டி என்று கூட்டி வைத்துக்கொள்வார். இடது கை எதையும் அழுத்தாமலேயே ஒரு முழுக் கார்டு கிடைத்துவிடும். டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் கீத்தைப் பின்பற்றித்தான் வாசிப்பார் என்று அந்தக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். அங்கே தோல் கருவி கிட்டாரின் வழி நிற்கிறது.

மால்கம் யங்கும் அப்படித்தான். 1973-ல் சிட்னியில் ஏசி டிசி என்ற ராக் குழுவைத் தொடங்கியவர். பள்ளிக்கூட உடுப்புப் போட்டு மேடை முழுக்க ஓடி லீடு வாசிக்கிற தம்பி ஆங்கஸைத்தான் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் மால்கம் மேடையின் பின்பக்கம், டிரம்ஸ் பக்கத்தில் நிற்பார். கூடப் பாட வேண்டிய வரி வரும்போது மைக்குக்கு வருவார், பாடியதும் பழைய இடத்துக்குப் போய்விடுவார். தடித்த தந்திகள், தந்தியின் அதிர்வை வாங்கும் மற்ற பிக்கப்புகளை எடுத்துவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் வைத்திருந்த ஒரு பழைய கிரெட்ஷ் கிட்டார். கனத்த ராக் என்றாலே ஒலியைக் கரகரவென்று உடைப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். மால்கமின் ஒலி அவ்வளவு உடைந்ததில்லை. ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்கும். 2014-ல் உடல்நலமில்லாமல் அவர் விலகியபோது, அந்த இடத்தில் அவருடைய மூத்த அண்ணனின் மகன் ஸ்டீவி யங் வந்து நின்று அதே வாசிப்பை வாசித்தார். 2017-ல் மால்கம் இறந்தார். அவரைத் துணை என்று எழுத எனக்குக் கை வராது சார்.

// சந்தக் கிட்டார்? //

தோவாளை அக்கா, சந்தம் இனிமையான சொல். ஆனால் அது பாட்டின் சொற்களோடு ஒட்டிக்கொண்டது. மெட்டைக் கொடுத்து ‘சந்தத்துக்கு எழுதுங்க’ என்று கவிஞரிடம்தான் சொல்கிறார்கள். அதைக் கருவிக்கு எடுத்துக்கொண்டால் பாட்டெழுதுகிறவர்களுக்கு ஒரு சொல் குறைந்துபோகும்.

சரி, அப்படியானால் என்னதான் சொல்வது? நான் ‘நடைக் கிட்டார்’ என்று சொல்கிறேன். எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் முன்பு ஒரு டிசம்பர். கரோல் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கீபோர்டில் ரிதம் பேட்டர்னை ஓடவிட்டு, அதன்மேல் நாற்பது பேர் நாலு குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுப்பாட்டில் கரண்ட் போய்விட்டது. விளக்கு, கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. என் கையில் இருந்தது சாதாரணப் பெட்டிக் கிட்டார், அதற்குக் கரண்ட் வேண்டாம். இருட்டில் கை மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது. ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடுகிறவர்கள் ஒரு கணம் தடுமாறினார்கள். அப்போது எங்கள் பாடகர் குழுத் தலைவர் என் பக்கமாகக் குனிந்து சொன்னார்: “கரண்டு வரும்போ வரட்டும். நீ நடைய விட்டிராத மக்கா.” அவ்வளவுதான். மூன்று சரணமும் இருட்டிலேயே பாடி முடித்தோம்.

தாளத்தை விடாதே என்று அவர் சொல்லவில்லை. தாளம் பாடுகிற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் எப்படிப் போவது என்பதுதான் இருட்டில் தொலைந்துபோகும். அதைத்தான் அவர் நடை என்றார். நம் இசை மரபிலும் அதுதான் பொருள்: ஒரே தாளத்தைத் திஸ்ர நடையில் மூன்று மூன்றாகவும், சதுஸ்ர நடையில் நாலு நாலாகவும் வாசிக்கிறோம். தாளம் மாறாது, நடை மாறும்.

நம்ம மாவட்டத்துத் திருவிழாக்களில் செண்டை மேளம் கேட்காத ஆள் கிடையாது. உருட்டு செண்டைக்காரர் முன்னால் நின்று கோலை உருட்டி எடுப்பார், கூட்டம் அவரைத்தான் பார்க்கும். பின்வரிசையில் வீக்கன் செண்டை ஒரே மாதிரி விழுந்துகொண்டே இருக்கும். அது பிசகினால் முன்வரிசை முழுக்கச் சரிந்துவிடும். லீடு, ரிதம் என்ற பிரிவை நம்ம ஊர்ப் பையன்களுக்கு விளக்க எனக்கு இதைவிட நல்ல உவமை கிடைத்ததில்லை.

தம்பி எழுதப்போகிற பெரியவர்களின் வாசிப்போடு இந்தச் சொல் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்தேன்.

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் 1965-ல் சேர்ந்தவர் ஜிம்மி நோலன். தந்தியை முழுக்க அழுத்தாமல், லேசாகத் தொட்டுத் தொட்டு விட்டு, வலது கையை நிறுத்தாமல் ஆட்டுவார். ஒரு தட்டுக்குள் நாலு வீச்சு. அதில் ஒன்றோ இரண்டோதான் சுரமாகக் கேட்கும், மற்றதெல்லாம் கோழி தரையைக் கிளறுகிற சத்தம். அதற்குக் கோழிக் கிளறல் என்றே பெயர். அமெரிக்க ஃபங்க் இசை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. ஷீக் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் அதே வழியில் வந்தவர்தான், ஆனால் அவர் கார்டைத் துண்டு துண்டாக நறுக்கி, மேல் தந்திகளில் மெட்டு மாதிரி ஒன்றை ஓடவிடுவார். இருவரும் செய்வது சதுஸ்ர நடைக்குள் எதைப் பேசவிடுவது, எதை அடக்குவது என்கிற வேலை. நடைக் கிட்டார் என்ற பெயர் அப்படியே உட்காருகிறது.

யார் தலைசிறந்தவர் என்று தம்பி கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் ஃபிரெடி கிரீன். கட்டுரையில் அவருக்கு முதல் இடம் கொடுங்கள். 1937-ல் கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். பேஸி இறந்த பிறகும் அதே குழுவில் இருந்து, 1987-ல் சாகும் வரை வாசித்தார். ஐம்பது வருடம். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன் என்று ஒரு பட்டாளமே ஊதுகிற குழுவில் மின்சாரம் இல்லாத கிட்டார். சத்தம் எழும்ப வேண்டும் என்று தந்திகளை விரல் நோகிற அளவுக்கு உயரத் தூக்கி வைத்திருப்பார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வீச்சு. கார்டில் எல்லாத் தந்தியும் ஒலிக்காது. பெரும்பாலும் ஒன்று, இரண்டு தந்திதான் பேசும், மற்றதை விரலாலேயே அடக்கிவிடுவார். தனி ஆவர்த்தனம் என்பது கிட்டத்தட்டக் கிடையாது. பழைய பதிவுகளில் கிட்டார் எங்கே என்று தேடினால் கேட்காது. காதைக் கொஞ்சம் பழக்கிய பிறகு, டிரம்ஸுக்கும் பாஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய ‘சுங் சுங்’ கேட்கும். ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் அதை விட்டுவிட்டு அந்த இசையைக் கேட்கவே முடியாது.

தாளக் கிட்டார்க் கட்சிக்காரர்கள் ‘தட்டுக்கு ஒன்று அடிக்கிறாரே, இது தாளம்தானே’ என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அதே நாலு தட்டை நான் அடித்தால் அதில் ஸ்விங் என்கிற ஜாஸ் துள்ளல் வராது, வெறும் எண்ணிக்கையாக நிற்கும். அவர் அடித்தால் நடக்கும்.

சொல் வைத்தால் அது குட்டி போட வேண்டும். நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது புழங்குவதை எழுதுகிறேன்.

நம்ம ஊரில் ‘லீடு வாசிக்கிறான், ரிதம் அடிக்கிறான், கார்டு பிடிக்கிறான்’ என்று மூன்றுக்கும் மூன்று வினைச்சொல் தானாகவே அமைந்திருக்கிறது. அதை விடக் கூடாது. விரல்கள் தந்தியில் அமரும் வடிவத்துக்குப் ‘பிடி’ போதும்: சி பிடி, ஜி பிடி. தந்திகளைச் சேர்த்து வீசுகிற ஸ்ட்ரம்மிங்குக்கு ‘அடி’. மேலிருந்து கீழே வருவதைக் கீழடி என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாருக்கும் சிவகங்கை அகழாய்வுதான் மனதில் வருகிறது, தேடினாலும் அதுதான் கிடைக்கும். அதனால் ‘இறக்கடி’, ‘ஏற்றடி’ என்று மாற்றிவிட்டேன். ராமோன்ஸ் என்ற ராக் குழுவின் ஜானி ராமோன் பெரும்பாலும் இறக்கடியையே வைத்து அத்தனை வேகத்தில் வாசித்தார் என்று எழுதினால் புரிகிறதா இல்லையா? உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்குவது ‘உள்ளங்கை அடக்கம்’.

மற்றவர்கள் சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து அன்புடன்.

—

தம்பிக்கு,

இருட்டில் பாடின கதையை இரண்டு முறை வாசித்தேன். சந்தத்தை விட்டுவிடுகிறேன், நீ சொன்ன காரணம் சரி.

ஆனால் நடையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நம்ம ஊரில் ‘நடை திறந்தாச்சா, நடை சாத்தியாச்சா’ என்றுதானே காலையும் மாலையும் பேசுகிறோம்? சென்னைக்காரர்களுக்கு இந்தப் பொருள் சட்டென்று வராது, நமக்கு வரும். நடைக் கிட்டார் என்றதும் எனக்குக் கோயில் வாசல்தான் முதலில் வந்தது. உரைநடை வேறு இருக்கிறது. ஒரே சொல்லில் இத்தனை சுமை ஏற்றலாமா?

இன்னொன்று. ரிதம் கிட்டார் வெறும் நடை மட்டுமா? கார்டும் அதுதானே கொடுக்கிறது? பாட்டின் நிறம் சோகமா சந்தோஷமா என்பதையே அதுதானே மாற்றுகிறது? வீக்கன் செண்டைக்கு அந்த வேலை கிடையாதே.

லீடுக்கு ‘மெட்டுக் கிட்டார்’ என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. யோசித்துச் சொல்.

அக்கா, தோவாளை.

—

அக்கா,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அதுதான் என்னையும் உறுத்திக்கொண்டிருந்தது. நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. நடை என்ற சொல் கார்டைச் சொல்லவில்லை. செண்டை உவமையும் பாதி வழிக்குத்தான் வரும். ஆனால் அந்தக் கருவியின் மூலப் பெயரிலும் கார்டு இல்லை. ரிதம் என்று மட்டும்தான் இருக்கிறது. கிட்டார் என்று சேர்த்துச் சொல்லும்போதே சுரம் உள்ளே வந்துவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் போனால் ‘இன்னிசைநடைக் கிட்டார்’ மாதிரி ஒன்று வந்து நிற்கும், யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள்.

கோயில் நடை எனக்கும் வீட்டுச் சொல்தான் அக்கா. ‘நடை திறந்தாச்சு’ என்று கேட்டால் யாரும் மிருதங்கத்தை நினைப்பதில்லை. ‘திஸ்ர நடை’ என்று கேட்டால் யாரும் வாசலை நினைப்பதில்லை. பக்கத்தில் நிற்கிற சொல் காப்பாற்றிக்கொள்ளும். அதோடு, கட்டுரையில் முதல் தடவை ‘ரிதம் கிட்டார் எனப்படும் நடைக் கிட்டார்’ என்று எழுதிவிட்டு, பிறகு நடைக் கிட்டார் என்று மட்டும் தொடரலாம்.

மெட்டுக் கிட்டார் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் லீடு வாசிக்கிறவர் மெட்டை விட்டு விலகிப் போய்த் தன்னிச்சையாக வாசிப்பதும் உண்டே. அதைத் தனி இழையாகத் தொடங்குவோம். தக்கலை சாரும் வரட்டும்.

மார்த்தாண்டம் தம்பி, உங்கள் கட்டுரையின் முதல் பத்தியை இந்தச் சொற்களை வைத்து எழுதிப் பார்த்தேன்:

‘ஐம்பது வருடம் ஒரே குழுவில் நடைக் கிட்டார் வாசித்தவர் ஃபிரெடி கிரீன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு இறக்கடி. பிடியில் இருந்த தந்திகளில் ஒன்றோ இரண்டோதான் ஒலிக்கும். மற்றவற்றை அவர் விரல்களே அடக்கிவைத்தன.’

இதை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எங்காவது நாக்கு இடறினால் அந்தச் சொல்லை மட்டும் குறித்து அனுப்புங்கள்.