ரோடினின் 'சிந்தனையாளர்': எது அசல்?

திருநகர்வாசி:
அக்கா மகன் பாரிஸில் படிக்கிறான். அங்கே பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் அருங்காட்சியகத் தோட்டத்தில் 'சிந்தனையாளர்' சிலை முன் நின்று போட்டோ அனுப்பினான். அதே சிலை டோக்கியோவிலும் பிலடெல்பியாவிலும் இருக்கிறதாமே! நம்ம புது மண்டபத்துத் தூணில் நிற்கிற திருமலை நாயக்கர் இன்னொரு ஊரில் கிடைப்பாரா? அப்போ ரோடின் கைப்படச் செய்தது எது, மற்றதெல்லாம் டூப்ளிகேட்டா?

விளாச்சேரிக்காரன்:
எங்கள் வீட்டில் கொலு பொம்மை வேலைதான். முதல் உருவத்தை மண்ணில் பிடிப்போம், அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்த பிறகு அந்த மண் உருவத்தை யாரும் தேட மாட்டார்கள். ரோடினும் மண்ணில் பிடிக்கிற ஆள்தான். அச்சிலிருந்து பிளாஸ்டர் உருவம், அதிலிருந்து வெண்கலம். வார்த்ததெல்லாம் வார்ப்படப் பட்டறைக்காரர்கள்.

பழங்காநத்தம் வாசகர்:
சுவாமிமலை வார்ப்பில் மெழுகு உருவம் உருகி ஓடிவிடும், சிலையை எடுக்க அதன்மேல் பூசிய மண் அச்சையும் உடைத்தாக வேண்டும், அதனால் ஒன்றே ஒன்றுதான். ரோடின் வழியில் பிளாஸ்டர் பத்திரமாக இருக்கும், எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். அதனால்தான் பிரான்ஸில் 12 வார்ப்பு வரைதான் அசல் என்று பிற்பாடு விதி வைத்தார்கள். 1916இல் தன் படைப்புகளையும் உரிமையையும் அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு மறு வருடம் இறந்துபோனார். 1880இல் ஆரம்பித்த 'நரக வாசல்' என்ற பெரிய கதவுச் சிற்பம் அவர் இருந்தவரை வெண்கலமாகவே ஆகவில்லை, ஆனாலும் இன்று அதை ரோடின் சிலை என்றுதான் சொல்கிறோம். அந்த வாசலின் மேலே உட்கார்ந்திருக்கும் சுமார் 70 செ.மீ. உருவம்தான் சிந்தனையாளர். லெபொஸ்ஸே என்பவர் அதற்கென்று இருந்த இயந்திரத்தை வைத்துப் பெரிதாக்கி, 1904இல் காட்சிக்கு வந்தது. தோட்டத்தில் இருப்பது 1906இல் பாரிஸின் பாந்தியோன் நினைவு மண்டபம் முன் நிறுவியது, 1922இல் இங்கே மாற்றினார்கள்.

கீழமாசி வீதி:
1877இல் ரோடின் 'வெண்கல யுகம்' சிலையைக் காட்சிக்கு வைத்தபோது, உயிருள்ள ஆள்மேலேயே அச்சு எடுத்துவிட்டார் என்று பழி போட்டார்கள் பாருங்கள், மனுஷன் கொதித்துப் போனார். மாடலாக நின்ற பெல்ஜியச் சிப்பாயைப் போட்டோ பிடித்துக் காட்டி நிரூபிக்க வேண்டியதாயிற்று. பளிங்குச் சிலைகளைச் செதுக்கியதும் பெரும்பாலும் உதவியாளர்கள்தான், அதில் பூர்தெல் பின்னால் தானே பெரிய சிற்பியானார். என்னைக் கேட்டால், ரோடின் கை அசலாகத் தெரிவது பிளாஸ்டரில்தான், விரல் அழுத்திய தடம்கூட அப்படியே இருக்கும்.

திருநகர்வாசி:
அப்போ பையனை மெதோனுக்குப் போகச் சொல்லவா? அவர் வீடு அங்கேதானே?

பழங்காநத்தம் வாசகர்:
ஆமாம், பிளாஸ்டர்கள் நிறைய அங்கேதான். அவர் கல்லறை மேலும் ஒரு சிந்தனையாளர் உட்கார்ந்திருக்கிறார். திறந்திருக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.