புதுப்பிப்பு: சத்துணவு ஆயா கிடைத்துவிட்டார்

எண்பதுகளின் கடைசியில், வாலாஜா பக்கத்து ஒன்றியப் பள்ளியில் எங்களுக்குச் சோறு போட்ட சத்துணவு ஆயாவை எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆயா நலமாக இருக்கிறார், குடியாத்தத்தில் மகள் வீட்டில்.

பலித்தது "இப்போதைய சத்துணவு அமைப்பாளரைக் கேளுங்கள்" என்ற யோசனைதான். முதலில் தலைமை ஆசிரியரைக் கேட்டேன், அவர் மாற்றலாகி வந்தவர், பழைய ஆட்களைத் தெரியவில்லை. ஆனால் சமையல் வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், ஓய்வு பெற்ற பிறகும் தொடர்பு விடுவதில்லை, அதனால் அடுத்து நான் கேட்ட அமைப்பாளர் அம்மா உடனே ஆயாவுடைய மகளின் நம்பரை வாங்கிக் கொடுத்தார்.

எதிர்பாராதது ஒன்று. என் பெயர் ஆயாவுக்கு நினைவில்லை, "கத்திரிக்காய ஒதுக்கி வைக்கிற புள்ளதானே நீ" என்றார். எனக்கு இரண்டாவது தடவை போட்ட சோறு அவருடைய பங்கு என்று மகள் சொல்லித்தான் தெரிந்தது. என்னால் பேசவே முடியவில்லை.

இதேபோல் தேடுபவர்களுக்கு: 2019ல் வேலூர் மாவட்டம் பிரிந்ததால் வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். பள்ளியில் விவரம் கிடைக்காவிட்டால் அந்தந்த ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவைக் கேளுங்கள்.