அம்மாவுக்கு டிமென்ஷியா, 54 வயதில் எனக்கும் மறதி: இப்போதே ஏதாவது செய்ய முடியுமா?

சோமனூர்த் தறிக்காரன்:
12 விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறேன். அம்மாவுக்கு 78 வயது, ஐந்து வருடமாக டிமென்ஷியா. போன வாரம் பால் பாக்கெட்டை அரிசி அண்டாவுக்குள் போட்டு மூடிவிட்டார். நாற்றம் வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். என்னைப் பார்த்து, "எந்த ஊருங்க நீங்க? சாப்பிட்டுப் போங்க" என்கிறார். பெற்ற மகனை மறந்தாலும் ஒறம்பரையை உபசரிப்பதை விடவில்லை.

இப்போது பயம் எனக்கு. தறியில் பாவு நூல் பிணைக்க ஆளை வரச் சொல்லிவிட்டு நானே மறந்து கோயமுத்தூர் போய்விட்டேன். மகள் சொல்வது பாதி மண்டையில் நிற்பதில்லை. டிவி சத்தத்துக்கு வீட்டில் தினமும் சண்டை, அது வேறு. கொஞ்சம் பிரஷர் உண்டு, தலை சுற்றினால் மாத்திரை போடுவேன். இது பரம்பரையாக வருமா? தெரிந்தவர் ஒருவர் ஞாபகசக்தி கேப்சூல் மாதம் 2,400 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?

பவானிக்காரன்:
கேப்சூலை விடுங்கண்ணா. எங்க அப்பாரு 91 வயசு வரை சந்தைக்கு நடந்தே போனார், மஞ்சள் கணக்கை வாயாலேயே போடுவார். நடையும் வல்லாரைக் கீரையும் போதும்.

கோபி நர்ஸம்மா:
பவானித் தம்பி, நடை நல்லதுதான். ஆனால் அதே போல நடந்துவிட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவர்களையும் நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

தறிக்காரத் தம்பி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன டிவி சத்தம்தான் எனக்குக் கண்ணில் பட்டது. தறிக்குடோன் இரைச்சல் சாதாரணமாகவே 90 டெசிபலைத் தாண்டும். அதில் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன். அப்போது சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. பெண்கள், குழந்தைகள் குரல் இன்னும் மோசம். மகள் சொன்னது மறந்துபோனதா, காதிலேயே விழவில்லையா? அதை முதலில் பாருங்கள்.

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் 14 காரணங்களைச் சொன்னது. எல்லாவற்றையும் சரிசெய்தால் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. (அது ஊருக்கான கணக்கு. உங்கள் ஒருவருக்கு அவ்வளவு குறையும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.) அதில் காது மந்தத்துக்கும் கெட்ட கொழுப்புக்கும்தான் பெரிய பங்கு, தலைக்கு 7 சதவீதம். காது கேட்காதவர் மெல்ல மெல்லக் கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் போவதை விட்டுவிடுவார். தனிமையும் அந்த 14இல் ஒன்று.

அதற்காகக் காது மெஷின் வைத்தால் மறதி வராது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். 70 முதல் 84 வயதுக்காரர்களை அமெரிக்காவில் 3 வருடம் கவனித்த ஆய்வு 2023இல் வந்தது. மெஷின் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆபத்து ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களுக்கு மட்டும் மூளை மங்குவது 48 சதவீதம் மெதுவானது.

அப்புறம், பிரஷர் மாத்திரை என்ன தைலமா, வேண்டும்போது மட்டும் தடவிக்கொள்ள? நடு வயதுப் பிரஷர்தான் பின்னால் மூளையைக் கெடுக்கிறது. டாக்டர் சொன்னபடி தினமும் போடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கொழுப்பு, சர்க்கரை, பி12, தைராய்டு நான்கையும் சோதித்துவிடுங்கள். பி12 குறைந்தாலும் மறதி வரும், அது சரியாகிற மறதி. அந்த 2,400 ரூபாயை இதற்குச் செலவழிக்கலாம். வண்டியில் போனால் ஹெல்மெட். தலைக் காயமும் பட்டியலில் இருக்கிறது.

அம்மாவுக்கு 73இல் தொடங்கியிருக்கிறது. அந்த வயதில் வருவது பெரும்பாலும் நேர்ப் பரம்பரை அல்ல. உங்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடும், எழுதிவைத்த விதி கிடையாது.

சோமனூர்த் தறிக்காரன்:
அக்கா, பார்த்துவிட்டேன். பிரஷர் 160/100. டாக்டர் வேறு மாத்திரை மாற்றி, தினமும் காலையில் என்று எழுதிவிட்டார். காது சோதனைத் தாளில் இரண்டு காதின் கோடும் 4,000இல் கிணறு மாதிரி இறங்குகிறது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெகு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை, மெஷின் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடோனில் எல்லோருக்கும் காதடைப்பான் வாங்கி வைத்தேன். ஓட்டுகிற பையன், "நூல் அறுந்தா சத்தத்தை வெச்சுத்தானுங்க கண்டுபிடிப்பேன், இதைப் போட்டா எப்படித் தெரியும்?" என்கிறான். போட்டுப் பழகின தறிக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.