கோடையில் புல்தரை பழுப்பாகிறது: உரம் எப்போது போடுவது, எவ்வளவு உயரத்தில் வெட்டுவது?

கேள்வி

புல்தரை 120 சதுர மீட்டர். கென்டக்கி புளூகிராஸ், ரை கிராஸ் கலந்த விதை. மார்ச் கடைசியில் 25-5-10 உரம் (தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து சதவீதம்), 5 கிலோ மூட்டை முழுவதையும் தூவினேன். ஏப்ரல், மே மாதங்களில் வாரம் இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டும் உயரம் 4 செ.மீ. ஜூலையில் பழுப்பாகிவிட்டது, நடுநடுவே களை. இப்போது ஆகஸ்ட் பாதி. உரம் போட்டால் பச்சை திரும்புமா? வெட்டிய புல்லை அள்ளிவிட வேண்டுமா?

பதில் 1

இப்போது போடவே போடாதீர்கள். செப்டம்பர் முதல் பாதி வரை பொறுங்கள்.

5 கிலோவில் 25 சதவீதம் என்றால் 1,250 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்). சதுர மீட்டருக்கு 10 கிராமுக்கு மேல் விழுந்திருக்கிறது. ஒரு தடவைக்கு 5 கிராம் போதும். அளவை விடப் பெரிய தவறு, போட்ட மாதம். உங்களுடையது போன்ற குளிர்ப்பருவப் புல் வசந்தத்தில் தானாகவே இலை தள்ளும். அந்த நேரத்தில் தழைச்சத்தைக் கொட்டினால் வேருக்குப் போகவேண்டிய சேமிப்பையும் இலையே தின்றுவிடும். வெயில் ஏறும்போது வேர் மேலாகவே நிற்கும், புல் காயும்.

உங்கள் அளவுக்குக் கணக்கு: செப்டம்பர் தொடக்கத்தில் இதே உரம் 2.4 கிலோ. ஆறு வாரம் கழித்து இன்னொரு 2.4 கிலோ. மே கடைசியில் 1.2 கிலோ, அது மட்டும் மெதுவாகக் கரையும் வகையாக இருக்கட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒன்றும் வேண்டாம். செப்டம்பர் உரம்தான் உயிர்நாடி: வெயில் தணிந்திருக்கும், மண்ணில் சூடு மிச்சமிருக்கும், புல் தூர் கட்டி இடைவெளியை அடைக்கும். மற்றதைத் தவறவிட்டாலும் இதை விடாதீர்கள்.

தூவும்போது அளவை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை நீளவாக்கிலும் மறுபாதியைக் குறுக்காகவும் போடுங்கள், வரிவரியாகப் பச்சை விழாது. இலை காய்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் அரை செ.மீ. அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். தூவும் வண்டியில் உரத்தைக் கொட்டுவதைப் புல்லின் மேல் வைத்துச் செய்யாதீர்கள். ஒரு கைப்பிடி சிந்தினாலும் அந்த இடம் கருகிப்போகும்.

பதில் 2

உரக் கணக்கு சரி. ஆனால் 4 செ.மீ. வெட்டுதான் களையை உள்ளே விட்டது. வெயில் மண்ணில் நேராக விழுந்தால் களை விதை முளைக்காமல் என்ன செய்யும்? இந்தக் கலவைக்கு 7 முதல் 8 செ.மீ., கோடையில் 9. இலை உயர்ந்தால் வேரும் ஆழப்படும்.

ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். 11 செ.மீ. வளர்ந்ததும் 7.5க்கு வெட்டுங்கள். மழையில் 18 ஆகிவிட்டதா? முதலில் 12, மூன்று நாள் கழித்து 8. மெஷின் நெம்புகோலில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். சிமெண்ட் தரையில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு (பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியை எடுத்துவிட்டு) தரையிலிருந்து பிளேடு முனை வரை அளந்து பாருங்கள்.

வெட்டிய மறுநாள் ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள். நுனி நேர்கோடாக இருந்தால் பிளேடு நன்றாக இருக்கிறது. நார்நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் மழுங்கிவிட்டது, சாணை பிடியுங்கள். கிழிந்த நுனியில் ஈரம் வேகமாகப் போகும், பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும்.

வெட்டிய துணுக்கை அள்ளாதீர்கள். அது மண்ணுக்கே திரும்பினால் ஆண்டுத் தழைச்சத்துத் தேவையில் கால் பங்கு வரை அதிலேயே கிடைக்கும். கட்டிகட்டியாகக் கிடந்தால் மட்டும் வாரிவிடுங்கள், அடியில் உள்ள புல் மூச்சுமுட்டும்.

பதில் 3

இரண்டாவது 2.4 கிலோவில் எனக்கு உடன்பாடில்லை. மண் மணற்பாங்காக இருந்தால் அக்டோபர் பாதிக்குப் பிறகு போடுவது வீண். குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாகத்தான் உறிஞ்சும், மிச்சம் மழையோடு கீழே போய்விடும். பனிப்பொழிவு தரையை மூடும் இடமானால் பின்பருவத்தில் மிகையான தழைச்சத்து பனிப் பூஞ்சையையும் (பனிக்கடியில் புல்லை அழுக்கும் நோய்) கூட்டும். அங்கே பாதி அளவோடு, செப்டம்பர் கடைசியிலேயே முடித்துவிடலாம். ஆண்டின் கடைசி வெட்டை மட்டும் 6 செ.மீ.க்கு இறக்குங்கள், நீள இலை பனிக்கடியில் மடிந்து அழுகாது.

உங்கள் 25-5-10 உரத்தின் நடு எண் 5, மணிச்சத்து (பாஸ்பரஸ்). மண் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் ஒழிய அது தேவையில்லை.

கேட்டவர்

நன்றி. பழுப்பான புல் செத்துவிட்டதா, உறங்குகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 2

ஒரு கொத்தைப் பிடித்து இழுங்கள். வேரோடு சுலபமாகக் கையில் வந்தால் செத்தது. பிடித்து நின்றால் அடியில் கீறிப் பாருங்கள்: மண் மட்டத்தில் உள்ள குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. புளூகிராஸ் இப்படி உறங்குவது வழக்கம், ரை கிராஸ்தான் தாங்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றேகால் செ.மீ. தண்ணீர் விட்டால் குருத்து காயாமல் இருக்கும். செத்த இடத்தில் செப்டம்பரிலேயே விதை போடுங்கள். களை முளைப்பதைத் தடுக்கும் மருந்தை மட்டும் அப்போது தெளிக்காதீர்கள், அது புல் விதையையும் முளைக்க விடாது.