புதுப்பிப்பு: பச்சைப் பூவரசங்கட்டைகள், நான்கு மாதம் கழித்து

வீட்டுக் கொல்லையில் வெட்டிய பூவரச மரத்தைக் கடைசலுக்கு (லேத்தில் சுழலவிட்டுக் கிண்ணமாகக் கடைவதற்கு) எப்படி உலர்த்துவது, மூன்றே நாளில் முனை வெடிக்கிறதே என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நிலவரம் இது.

உருட்டுக் கட்டையாகவே விட்ட இரண்டும் போய்விட்டன. நடுமையத்திலிருந்து பட்டை வரை நட்சத்திரம் போல விரிசல். முனை வழியாக ஈரம் பக்கவாட்டை விடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக வெளியேறும்; வெட்டிய அன்றே மெழுகு பூசியிருக்க வேண்டும், நான் மூன்றாம் நாள்தான் பூசினேன்.

மற்றதை நீங்கள் சொன்னபடி மையத்தை விட்டு இரண்டாகப் பிளந்து, பச்சையாகவே லேத்தில் ஏற்றினேன். ஈர மரம் வெண்ணெய் மாதிரி அறுபடுகிறது, நீளநீளமாகச் சுருள் வந்து கை முழுக்க ஈரம். 10 அங்குலக் கிண்ணத்துக்குச் சுவர் 1 அங்குலம் விட்டுக் கடைந்து, வெளிப்பக்க முனைகளில் மெழுகு பூசி, செய்தித்தாளில் சுற்றி, காற்றோ வெயிலோ படாத மூலையில் வைத்தேன். வாரா வாரம் எடை போட்டேன். 1,740 கிராமில் தொடங்கியது, 1,210க்கு வந்து மூன்று வாரமாக அசையவில்லை, அதாவது உலர்ந்துவிட்டது.

சரி, வட்டம் என்ன ஆனது? குறுக்கே 6 மி.மீ. சுருங்கி முட்டை வடிவம். ஆனால் ஒரு கீறல்கூட இல்லை! சுவரில் விட்ட தடிமன் திரும்ப வட்டமாக்கத் தாராளமாகப் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் கடைசல். வைரத்தின் (மரத்தின் கெட்டியான உட்பகுதி) அந்தச் சாக்லேட் நிறம் எப்படி எழும்புகிறது என்று பார்க்க வேண்டும்.