தாழ்த்திய காரில் "டொக்" சத்தம்: ஷாக் போகவில்லை, வேறு கதை

என்னுடையது 2012 மாடல் ஸ்விஃப்ட். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு மாதம்கூடப் பொறுக்கவில்லை, 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டுவிட்டேன். கம்பெனி கொடுத்த தரை இடைவெளியே 170 மி.மீ. அதில் 40 போனால் பெங்களூரு ரோட்டில் என்ன மிஞ்சும் என்று அப்போது யோசிக்கவில்லை. பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் வாரமே சில்க் போர்டு மேம்பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் முன்பக்கம் "டொக், டொக்". பின்சீட்டில் அம்மா, "இதுக்கு மாட்டு வண்டியே தேவலாம்டா" என்றார். ஒரு கடையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் "ஷாக் போச்சு" என்றார்கள், அதாவது ஷாக் அப்சார்பர், அதிர்வை அடக்கும் குழாய். இரண்டு முன் ஷாக்கும் புதிதாக மாற்றினேன். மூன்று வாரத்தில் அதே டொக்.

அப்புறம் வில்சன் கார்டனில் நம்மூர்க்காரர் ஒருவரிடம் போனேன். கிருஷ்ணகிரிப் பக்கம். அவர் சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளினார். உள்ளே கம்பியில் கோத்திருக்கும் மஞ்சள் நுரைக் கட்டை, அதான் ஷாக் முழுக்க அழுந்தும்போது இரும்போடு இரும்பு மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பர், விரல் பட்டதும் நமத்துப்போன ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. புது ஷாக்கில் பழைய ஸ்டாப்பரையே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

"உதிர்ந்தது இருக்கட்டும் தம்பி, ஏன் உதிர்ந்துச்சுன்னு பாருங்க" என்றார். புது ஸ்டாப்பர் போட்டு, வெளியே தெரிகிற கம்பியில், ஷாக் உடம்பை ஒட்டி ஒரு கேபிள் டை, அதாவது ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை, கட்டினார். இறுக்கமாக இல்லை, தள்ளினால் நகர்கிற அளவுக்கு. ஷாக் அழுந்தும்போது அதன் உடம்பு டையை மேலே தள்ளும், எவ்வளவு அழுந்தியது என்று டை நிற்கிற இடம் சொல்லும். தெருவை ஒரு சுற்று சுற்றி வரச் சொன்னார். 20 கி.மீ. வேகம், இரண்டே ஸ்பீடு பிரேக்கர். வந்து பார்த்தால் டை ஸ்டாப்பரில் போய் அழுந்திக் கிடக்கிறது.

கணக்கு எளிது. கார் 40 மி.மீ. இறங்கினால், ஷாக் உடம்புக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே இருந்த இடமும் ஏறக்குறைய அதே அளவு போய்விடும். சும்மா நிற்கும்போதே எனக்கு மிச்சம் 12 மி.மீ. அதற்கு மேல் வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங் மட்டும் அல்ல, நுரையும்தான். எப்போதாவது பெரிய பள்ளத்தில் கடைசியாகத் தொட வேண்டிய பொருளின் மேல் நான் தினமும் ஆபீஸ் போயிருக்கிறேன்.

நைஸ் ரோட்டிலிருந்து இறங்கும் வளைவில் கார் திரும்பாமல் நேராகப் போகப் பார்த்ததற்கும் அன்றைக்குத்தான் விடை கிடைத்தது. வளைவில் வெளிப்பக்க முன்சக்கரம் அழுந்தி ஸ்டாப்பரில் உட்கார்ந்ததும், அந்த மூலை மட்டும் திடீரென்று கெட்டியாகி டயர் பிடியை விடுகிறது. நான் டயரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் 25 மி.மீ. மட்டும் தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு மாறி, ஸ்டாப்பரில் கொஞ்சம் வெட்டினோம். அவர் வெட்டியது மேலே இருக்கிற தடித்த பக்கத்தை. கீழ்நுனியின் கூம்புதான் முதலில் மெதுவாகத் தொடுகிற பகுதி, அதை வெட்டினால் சுத்தியல் அடி மாதிரி இருக்கும் என்றார். டொக் நின்றது.

(ஸ்விஃப்ட், ஈஜிபுரா)

*

நீங்களாவது வெட்டினீர்கள். நான் ஸ்டாப்பரையே கழற்றிப் போட்டவன். "வண்டி மெத்தென்று ஓடும்" என்றார்கள், ஓடியது, நான்கு நாள். மாரத்தஹள்ளி பக்கம் மழைத்தண்ணீர் மூடிய ஒரு குழியில் இரும்போடு இரும்பு அடித்தது. ஒரு ஷாக்கில் எண்ணெய் ஒழுகல், ஷாக்கை மேலே காரோடு பிடிக்கும் ரப்பர் மவுண்ட் கிழிசல், டயர் உள்ளே உரசி, சக்கரத்துக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறையில் (ஃபெண்டர் லைனர்) ஓட்டை. ஒரு நுரைக் கட்டையை மிச்சம் பிடித்ததற்கு அந்த மாதச் சம்பளத்தில் நல்ல துண்டு போனது.

(பழைய ஹோண்டா சிட்டி, வைட்ஃபீல்டு)

*

ஸ்பீடு பிரேக்கர் என்றதும் ஒன்று. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988 விதி, அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் கடக்கத் தோதாக இருக்க வேண்டும் என்றது. எங்கள் லேஅவுட்டில் இருப்பது அந்தக் குடும்பமே இல்லை, குறுக்கே புதைத்த தூண் மாதிரி இருக்கிறது. ஆகவே காகிதத்தில் இருக்கிற 10 செ.மீ.யை நம்பி யாரும் தாழ்த்த வேண்டாம். ஸ்விஃப்ட்காரரே, அந்த டை இன்னும் இருக்கிறதா? ஊருக்குப் போய்வந்து எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள்.

(போலோ, கே.ஆர்.புரம்)

*

பார்த்தேன். பின் ஷாக்கிலும் ஒன்று கட்டியிருந்தேன். போகும்போது நான் மட்டும், ஓசூர் தாண்டி நிறுத்திப் பார்த்தபோது டை கம்பியில் பாதித் தூரத்தில் நின்றது. வரும்போது ஐம்பது கிலோ அரிசி, ஒரு மூட்டைத் தேங்காய், அம்மா, சித்தி. அத்திப்பள்ளி டோலில் குனிந்து பார்த்தேன், டை மேலே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் பழைய ஸ்பிரிங்கையே மாட்டப் போகிறேன். நல்லவேளை, பரண்மேல் போட்டு வைத்திருந்தேன்.

(ஸ்விஃப்ட், ஈஜிபுரா)